சின்னச் சில்லுக்குப் பெரிய பட்டறை



தனி ஊசல் சோதனையை நீங்கள் செய்திருப்பீர்கள், அல்லது விரைவில் செய்யப் போகிறீர்கள். ஒரு மீட்டர் நீளமுள்ள நூலில் குண்டைத் தொங்கவிட்டு, நிறுத்து கடிகாரத்தைக் கையில் வைத்துக்கொண்டு அலைவுகளை எண்ணுகிறோம். 20 அலைவுகளுக்கு ஆகும் நேரத்தை 20ஆல் வகுத்தால் அலைவு நேரம் கிடைக்கிறது. ஒரு மீட்டர் ஊசலுக்கு அது ஏறக்குறைய 2 விநாடி.

இச்சோதனையில் பெரும் பிழை எங்கிருந்து வருகிறது? கடிகாரத்தை அழுத்தும் நம் விரலிலிருந்துதான். என் இயற்பியல் வகுப்பு மாணவி ஒருத்தி அந்த விரலை நீக்கிவிட எண்ணினாள். ஊசல் தாழ்ந்த புள்ளியைக் கடக்கும் இடத்தில் ஓர் அகச்சிவப்பு ஒளி உணரியை வைத்தாள். அதை 'ஏ.டி.மெகா 328பி' என்னும் நுண்கட்டுப்படுத்திச் சில்லுடன் இணைத்தாள். நேரத்தை மில்லி விநாடியில் அளக்கும் நிரலைச் 'சி' மொழியில் எழுதினாள். முதலில் கற்பனை அளவுகளைக் கொடுத்து மேசைக் கணிப்பொறியில் அதைச் சோதித்தாள். எல்லாம் சரியாகவே வந்தன.

பிறகு அதே நிரலைச் சில்லில் ஏற்றினோம். 10 அலைவுகளுக்கு 20,070 மில்லி விநாடி என்று காட்டியது. மிகச் சரி! 20 அலைவுகளுக்கு எவ்வளவு காட்டியது தெரியுமா? –25,396.

"சார், காலம் பின்னாலே போகுதா?" என்று அவள் கேட்டாள். ஆய்வகத்தில் எல்லோரும் சிரித்தார்கள். நான் நிரலை ஏற்கெனவே படித்துப் பார்த்து, "சரியாக இருக்கிறது" என்று சொல்லியிருந்தேன். ஆகவே, "உன் பற்றவைப்பில்தான் கோளாறு இருக்கும்" என்று கூறிவிட்டேன். அவள் இரண்டு முறை கம்பிகளைப் பிரித்து மீண்டும் பற்றவைத்தாள். உணரியையும் மாற்றினாள். அதே –25,396 மீண்டும் வந்தது. தவறு அவளுடைய கையில் இல்லை. நான் கவனிக்காமல் விட்ட ஓரிடத்தில் இருந்தது. அந்த இடம் எது என்பதை அறிய வேண்டுமானால், குறுக்கு நிரல்பெயர்ப்பி என்னும் கருவியைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டும்.

சில்லுக்கு ஏன் பிறர் உதவி?

நாம் 'சி' போன்ற மொழியில் எழுதும் நிரல் எந்தச் செயலிக்கும் நேரடியாகப் புரியாது. அதைச் செயலியின் பொறி மொழிக்கு மாற்றித் தருவது நிரல்பெயர்ப்பி. கம்பைலர் என்று வழக்கில் சொல்கிறோமே, அதுதான். நிரல்பெயர்ப்பியும் ஒரு நிரலே. அது ஓடுவதற்கும் நினைவகம் வேண்டும். கோப்புகளை வைக்க வட்டு வேண்டும். நாம் தட்டச்சு செய்ய விசைப்பலகை வேண்டும்.

நம் ஏ.டி.மெகா சில்லில் என்ன இருக்கிறது? நிரலை வைக்க 32 கிலோபைட் ஃபிளாஷ் நினைவகம். வேலை செய்யும்போது எண்களை எழுதி அழிக்க வெறும் 2,048 பைட். விசைப்பலகை, திரை, வட்டு ஆகிய எதுவும் இல்லை. பல மெகாபைட் அளவுள்ள நிரல்பெயர்ப்பி இதற்குள் எப்படி நுழையும்? குருவிக்கூட்டுக்குள் யானையைக் கட்ட முடியாதல்லவா?

எனவே வேலையைப் பிரித்துக்கொள்கிறோம். மொழிபெயர்ப்பு பெரிய கணிப்பொறியில் நடக்கிறது. அதன் விளைவு சின்னச் சில்லில் ஓடுகிறது. இவ்வாறு ஒரு வகைப் பொறியில் ஓடிக்கொண்டு, வேறு வகைப் பொறிக்கான ஆணைகளை உருவாக்கித் தரும் நிரல்பெயர்ப்பியையே குறுக்கு நிரல்பெயர்ப்பி என்கிறோம்.

உங்கள் பள்ளியில் ஆர்டுயினோ ஊனோ ஆர்3 பலகை இருந்தால், நீங்கள் இதை அறியாமலேயே பயன்படுத்தியிருப்பீர்கள். அந்தப் பலகையில் இருப்பதும் இதே சில்லுதான். நிரலை ஏற்றும் பொத்தானை நீங்கள் அழுத்தியவுடன், திரைக்குப் பின்னால் ஒரு குறுக்கு நிரல்பெயர்ப்பிதான் வேலையைத் தொடங்குகிறது.

நிலவுக்கும் இதே வழிதான்

இது புதிய உத்தி அன்று. 1969 ஜூலையில் அப்போலோ 11 நிலவில் இறங்கியபோது அதை வழிநடத்திய கணிப்பொறியை எண்ணிப் பாருங்கள். அதன் அழித்தெழுதும் நினைவகம் 2,048 சொற்கள். மாறா நினைவகம் 36,864 சொற்கள். அமெரிக்காவின் எம்.ஐ.டி.யைச் சேர்ந்த கருவியியல் ஆய்வகத்தில் அதற்கான நிரல்கள் எழுதப்பட்டன. அவற்றைப் பொறி மொழிக்கு மாற்றியது விண்கலத்தின் கணிப்பொறி அன்று. தரையில் இருந்த பெருங்கணிப்பொறி. அங்கே கிடைத்த 0, 1 வரிசையைப் பெண் தொழிலாளர்கள் கம்பிகளால் நெய்தார்கள். கம்பி காந்த வளையத்தின் உள்ளே நுழைந்தால் 1. வெளியே சென்றால் 0. நெய்த பிறகு ஒரு பிழையைத் திருத்துவது பெரும்பாடு. ஆகவே தரையில் நடக்கும் மொழிமாற்றம் பிசகாமல் இருக்க வேண்டியிருந்தது.

1975இல் ஆல்டேர் 8800 என்னும் சிறு கணிப்பொறிக்காக பில் கேட்ஸ், பால் ஆலன் இருவரும் பேசிக் மொழியின் ஒரு வடிவத்தை உருவாக்கினார்கள். அவர்களிடம் ஆல்டேர் கிடையாது. ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் பி.டி.பி.-10 கணிப்பொறியில், ஆல்டேரின் 8080 செயலியைப் போல நடந்துகொள்ளும் ஒரு நிரலை ஆலன் எழுதினார். வேலை அதில்தான் நடந்தது. பிறகு துளையிட்ட காகித நாடாவுடன் ஆலன் ஆல்புகர்க்கி நகருக்கு விமானத்தில் சென்றார். உண்மையான ஆல்டேரை அப்போதுதான் அவர் முதன்முதலாகத் தொட்டார். 2 + 2 எவ்வளவு என்று கேட்டார். 4 என்று விடை வந்தது.

பட்டறையில் என்னென்ன வேண்டும்?

குறுக்கு நிரல்பெயர்ப்பியை ஆயத்தமாகவும் பெறலாம். மூல நிரலிலிருந்து நாமே கட்டவும் செய்யலாம். கட்டிப் பார்த்தால்தான் உள்ளே இருப்பது புரியும் என்று கருதி, நானும் மாணவர்களும் லினக்ஸ் இயங்கும் ஒரு கணிப்பொறியில் அதைக் கட்டினோம். நாங்கள் எடுத்துக்கொண்டது ஜி.சி.சி. இதை ரிச்சர்ட் ஸ்டால்மன் 1987இல் முதன்முதலாக வெளியிட்டார். மூல நிரலை எவரும் பெறலாம்; படிக்கலாம்; மாற்றலாம்.

ஒரு கொல்லர் புதிய பட்டறை போட வேண்டுமானால், முதலில் பழைய பட்டறையில் சுத்தியலும் இடுக்கியும் அடித்துக்கொள்வார். இங்கும் அப்படித்தான். முதல் தேவை, நம் கணிப்பொறிக்கே உரிய சாதாரண நிரல்பெயர்ப்பி. குறுக்கு நிரல்பெயர்ப்பி என்னும் புதுக் கருவியைப் பெயர்த்துத் தரப் போவது அதுவே. 'மேக்' என்னும் மேற்பார்வை நிரலும் வேண்டும். எந்தக் கோப்பை முதலில் மாற்றுவது, எதைப் பின்னர் மாற்றுவது என்று அது பார்த்துக்கொள்ளும்.

அடுத்து ஜி.எம்.பி., எம்.பி.எஃப்.ஆர்., எம்.பி.சி. என்னும் மூன்று கணித நூலகங்கள் தேவை. நிரல்பெயர்ப்பிக்குக் கணிதம் எதற்கு என்று கேட்பீர்கள். நீங்கள் நிரலில் 2இன் வர்க்கமூலம் வேண்டும் என்று எழுதினால், அந்த மதிப்பு எப்போதும் மாறாதது. சில்லை ஏன் வருத்த வேண்டும்? நிரல்பெயர்ப்பியே அதைக் கணக்கிட்டு விடையை எழுதிவிடலாம். ஆனால் பெரிய கணிப்பொறி ஒரு விதமாகவும் சில்லு வேறு விதமாகவும் தசமங்களைக் கையாளக் கூடும். இலக்குச் சில்லுக்குப் பொருந்தும் துல்லியத்தில் கணக்கிட்டுத் தருவதற்கே இந்நூலகங்கள். 2008இல் வந்த 4.3 பதிப்பிலிருந்து முதல் இரண்டும், 2010இல் வந்த 4.5 பதிப்பிலிருந்து மூன்றாவதும் ஜி.சி.சி.க்குக் கட்டாயமாகிவிட்டன.

பட்டறைக்குத் தனி இடமும் ஒதுக்க வேண்டும். உங்கள் சொந்தக் கோப்பகத்தில் ஒரு புதிய கோப்புறையை உண்டாக்கி, எல்லாக் கருவிகளும் அதிலேயே சேரும்படி செய்யுங்கள். கணிப்பொறியின் பொதுக் கருவிகள் இருக்கும் இடத்தில் கலந்துவிட்டால், பிறகு எது யாருடையது என்று தெரியாமல் திண்டாட நேரும். மூல நிரல் இருக்கும் கோப்புறைக்குள்ளேயே கட்டவும் கூடாது. கட்டுவதற்கென்று வேறொரு வெற்றுக் கோப்புறை வேண்டும். தவறு நேர்ந்தால் அதை மட்டும் அழித்துவிட்டு மீண்டும் தொடங்கலாம்.

மூன்று பெயர்கள்

கட்டத் தொடங்கும்போது கருவிகள் நம்மிடம் மூன்று விவரங்களைக் கேட்கும். கருவி எந்தப் பொறியில் கட்டப்படுகிறது? இது 'பில்ட்'. கட்டிய கருவி எந்தப் பொறியில் ஓடும்? இது 'ஹோஸ்ட்'. அந்தக் கருவி எந்தப் பொறிக்காக ஆணைகளை உருவாக்கும்? இது 'டார்கெட்', அதாவது இலக்கு.

சாதாரண நிரல்பெயர்ப்பிக்கு மூன்றும் ஒன்றே. நம்முடைய பட்டறையில் முதல் இரண்டும் மேசைக் கணிப்பொறி. இலக்கு மட்டும் ஏ.வி.ஆர். ஏ.டி.மெகா சில்லு பிறந்த குடும்பத்தின் பெயர் அது. மூன்றுமே வேறுவேறாக இருப்பதும் உண்டு. அதற்குக் 'கனடியன் கிராஸ்' என்று வேடிக்கையான பெயர். இதைப் பற்றி வல்லுநர்கள் விவாதித்துக்கொண்டிருந்த காலத்தில் கனடாவில் மூன்று தேசியக் கட்சிகள் இருந்தனவாம்!

கட்டும் வரிசை

முதலில் 'பைன்யூட்டில்ஸ்' என்னும் தொகுதியைக் கட்ட வேண்டும். இதில் அசெம்ப்ளரும் இணைப்பியும் உள்ளன. நிரல்பெயர்ப்பி உண்மையில் சுருக்கெழுத்துப் போன்ற ஆணைகளையே எழுதுகிறது. அவற்றை 0, 1 ஆக்குவது அசெம்ப்ளர். பல துண்டுகளை ஒட்டி, ஒவ்வொன்றும் நினைவகத்தில் எங்கே அமர வேண்டும் என்று முடிவு செய்வது இணைப்பி.

இரண்டாவது ஜி.சி.சி. இலக்கு ஏ.வி.ஆர். என்றும், 'சி' மொழி மட்டும் போதும் என்றும் அதற்குச் சொல்கிறோம். கணிப்பொறியின் வேகத்தைப் பொறுத்து இது அரை மணி முதல் சில மணி நேரம் வரை ஓடும்.

மூன்றாவது ஏ.வி.ஆர். லிப்சி. அச்சிடுதல், நினைவகத்தை நகலெடுத்தல் போன்ற பொது வேலைகளுக்கான நூலகம் இது. இங்கே ஒரு நுட்பத்தைக் கவனியுங்கள். இந்த நூலகத்தைக் கட்டும்போது 'ஹோஸ்ட்' எது என்று கேட்டால் ஏ.வி.ஆர். என்றே விடை தர வேண்டும். ஏன்? நூலகம் ஓடப் போவது சில்லில் அல்லவா? அதைப் பெயர்ப்பதும் நாம் சற்றுமுன் கட்டி முடித்த புதிய நிரல்பெயர்ப்பியே. நம் கருவி செய்யும் முதல் உண்மையான வேலை இதுதான்.

ராஸ்பெரி பை போன்று லினக்ஸ் ஓடும் பலகைகளுக்குக் கட்டுவது இன்னும் சுவையானது. முழுமையான நிரல்பெயர்ப்பிக்கு நூலகம் வேண்டும். நூலகத்தைப் பெயர்க்கவோ நிரல்பெயர்ப்பி வேண்டும். கோழி முந்தியா, முட்டை முந்தியா? முதலில் நூலகம் இல்லாத குறை நிரல்பெயர்ப்பி ஒன்றைக் கட்டி, அதைக்கொண்டு நூலகத்தைக் கட்டி, பின்னர் முழு நிரல்பெயர்ப்பியைக் கட்டி இச்சிக்கலை அவிழ்க்கிறார்கள்.

நான் இழந்த ஒரு மாலை

வரிசை முக்கியம் என்று சொன்னேன். வரிசையைச் சரியாகப் பின்பற்றியும் நான் ஒரு மாலைப் பொழுதை இழந்தேன். பைன்யூட்டில்ஸைக் கட்டி, என் தனிக் கோப்புறையில் வைத்துவிட்டேன். ஆனால் அந்தக் கோப்புறையைத் தேடும் பாதையில் சேர்க்க மறந்துவிட்டேன். 'பாத்' என்பது, ஒரு கருவியைப் பெயர் சொல்லி அழைத்தால் எந்தெந்தக் கோப்புறைகளில் தேட வேண்டும் என்னும் பட்டியல்.

ஜி.சி.சி. கட்டத் தொடங்கி நெடுநேரம் நன்றாகவே ஓடியது. ஏறக்குறைய முடியும் தறுவாயில் நின்றது. சில்லின் வகையைக் குறிக்கும் சொல் தனக்குப் புரியவில்லை என்று அசெம்ப்ளர் அறிவித்தது. நானே கட்டிய அசெம்ப்ளருக்கு இது தெரியாமல் போகுமா? சிந்தித்த பிறகே விளங்கியது. பேசியது என் அசெம்ப்ளர் அன்று! என்னுடையது பட்டியலில் இல்லாததால், மேசைக் கணிப்பொறியின் அசெம்ப்ளர் வந்து நின்றிருக்கிறது. அதற்கு ஏ.வி.ஆர். எப்படித் தெரியும்? பட்டியலில் ஒரு வரி சேர்த்து, வெற்றுக் கோப்புறையில் மீண்டும் தொடங்கினேன். வேலை முடிந்தது.

பிழைச் செய்தி வந்தால் பதறாதீர்கள். 'இதைச் சொல்வது எந்தக் கருவி, அது எந்தப் பொறியைச் சேர்ந்தது?' என்று முதலில் கேளுங்கள். பாதி விடை அதிலேயே கிடைத்துவிடும்.

மீண்டும் ஊசலுக்கு

பட்டறை தயாரானதும், a = a + b என்னும் ஒரே வரியை இரு நிரல்பெயர்ப்பிகளிடமும் கொடுத்தோம். மேசைக் கணிப்பொறிக்கு உரியது ஒரே கூட்டல் ஆணையை எழுதியது. ஏ.வி.ஆருக்கு உரியது இரண்டு ஆணைகளை எழுதியது. ஏ.வி.ஆர். சில்லின் பதிவகம் ஒவ்வொன்றும் 8 பிட் மட்டுமே கொள்ளும். 8 பிட்டில் 0 முதல் 255 வரைதான் அடங்கும். ஆகவே எண்ணை இரு பாதிகளாக வைக்கிறது. 200உடன் 100ஐக் கூட்டினால் 300. கீழ்ப் பாதியில் 44 எழுதி, மிகுந்த 256ஐ 1 என்று மேல் பாதிக்கு அனுப்புகிறது. நாம் தாளில் கூட்டும்போது மிகுந்ததை அடுத்த இலக்கத்துக்குக் கொண்டுபோவது போலத்தான்.

இரண்டே பாதிகள்! அங்கேதான் என் கண் திறந்தது. மாணவி நேரத்தை 'இன்ட்' என்னும் வகை மாறியில் வைத்திருந்தாள். மேசைக் கணிப்பொறியில் 'இன்ட்' என்றால் 32 பிட். சுமார் 214 கோடி வரை கொள்ளும். ஏ.வி.ஆரில் அதே 'இன்ட்' 16 பிட்தான். –32,768 முதல் 32,767 வரை மட்டுமே கொள்ளும். அதைத் தாண்டினால், வண்டியின் தூரங்காட்டி 99,999க்குப் பிறகு சுழிக்குத் திரும்புவது போல, எதிர்க்குறிப் பக்கம் சுற்றி வந்துவிடும். மொத்தம் 65,536 இடங்கள் உள்ள சுற்று அது.

ஊசல் 20 அலைவுகளுக்கு எடுத்துக்கொண்டது 40,140 மில்லி விநாடி. 40,140இலிருந்து 65,536ஐக் கழியுங்கள். –25,396! 10 அலைவுகளுக்கு 20,070 என்பது எல்லைக்குள் இருந்ததால் தவறு மறைந்திருந்தது. 'இன்ட்' என்னும் சொல்லை 'லாங்' என்று மாற்றினோம், ஏ.வி.ஆரில் அது 32 பிட். 40,140 என்று பளிச்சென்று வந்தது.

நிரலில் எழுத்துப் பிழை இல்லை. அதைச் சோதித்த முறையில்தான் பிழை. வேறொரு பொறியின் அளவுகோலை வைத்து அளந்துவிட்டு, 'சரி' என்று நான் முத்திரை குத்திவிட்டேன். ஒரு நிரல் சரியா என்பதற்கு, 'எந்தப் பொறியில்?' என்று கேட்காமல் விடை சொல்ல முடியாது. அந்தக் கேள்விக்கான விடையைத் தன்னுள் வைத்திருக்கும் கருவிதான் குறுக்கு நிரல்பெயர்ப்பி. பற்றவைப்பைக் குறை சொன்னதற்காக அந்த மாணவியிடம் வகுப்பின் முன்னிலையிலேயே வருத்தம் தெரிவித்தேன். "பரவாயில்லை சார், ரெண்டு தடவை பிரிச்சதுலே பற்றவைப்பு நல்லாப் பழகிடுச்சு" என்றாள்.

செய்து பாருங்கள்

1. 'சைஸ்ஆஃப்' என்னும் செயலியைக் கொண்டு 'இன்ட்', 'லாங்', 'டபிள்' ஆகிய வகைகளின் அளவை மேசைக் கணிப்பொறியிலும் ஆர்டுயினோ ஊனோ ஆர்3 பலகையிலும் அச்சிடுங்கள். இரு பட்டியல்களையும் அருகருகே எழுதி ஒப்பிடுங்கள்.

2. ஊசலின் அலைவு நேரம் 2,007 மில்லி விநாடி எனில், 16 பிட் 'இன்ட்' வகையில் எத்தனையாவது அலைவின் முடிவில் எதிர்க்குறி முதலில் தோன்றும்? எதிர்க்குறியே இல்லாத 'அன்சைன்ட் இன்ட்' 65,535 வரை கொள்ளும். அதைப் பயன்படுத்தினால் எத்தனை அலைவுகள் வரை பிழையின்றி அளக்கலாம்?

3. நேரத்தை மில்லி விநாடிக்குப் பதிலாக மைக்ரோ விநாடியில் அளக்க விரும்புகிறீர்கள். 32 பிட் 'லாங்' எத்தனை நிமிடங்களுக்குப் போதும்?

முதலில் தாளில் கணக்கிடுங்கள். பிறகு சில்லிடம் கேளுங்கள். இரண்டும் ஒத்துப்போகாவிட்டால், கம்பிகளைப் பிரிப்பதற்கு முன் இன்னொரு முறை கணக்கைப் பாருங்கள்!